இலை வரைவதெல்லாம் ஒரு கனவா?

கேள்வி: எனக்கு 42 வயது. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இரவு எல்லோரும் படுத்த பிறகு, ஏதாவது ஓர் இலையை எதிரில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பென்சிலால் வரைவேன். பத்து வருடப் பழக்கம். பதினோரு நோட்டுகள் சேர்ந்துவிட்டன. வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. சமீபத்தில் பள்ளித் தோழிகள் கூடினோம். ஒருத்தி சொந்தத் தொழில் தொடங்கியிருக்கிறாள், இன்னொருத்தி முனைவர் பட்டம் முடிக்கப்போகிறாள். ஆளாளுக்குத் தங்கள் கனவைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, ‘செம்பருத்தி இலையின் ஓரத்தை ஒருதடவையாவது பிசகாமல் வரைய வேண்டும்’ என்று வாய்வரை வந்தது. சிரிப்பார்களே என்று, ‘பிள்ளைகள் நல்லா இருந்தா போதும்’ என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர், ‘இதை வச்சு என்ன செய்யப்போறே?’ என்பார். தங்கையோ, ‘யூடியூபில் போடு, நான் விற்றுத் தருகிறேன்’ என்கிறாள். 17 வயதில் ஓவியக் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கிப் பூர்த்தி செய்யாமலே வைத்திருந்தவள் நான். எனக்கு லட்சியமே கிடையாதா? வீடு மாறப்போகிறோம், அந்த நோட்டுகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு ஒரு செம்பருத்தி இலையைப் பறித்து வந்து பார்த்தேன். காம்பை ஒட்டிய பகுதியில் ஓரம் வழவழவென்று இருக்கிறது. மேலே போகப் போகத்தான் ரம்பம்போலப் பல் தெரிகிறது. அதிலும் ஒரு பல்லைப் போல இன்னொன்று இல்லை. எத்தனையோ வருடமாகத் தினம் கடந்துபோகிற செடி, நான் இதைக் கவனித்ததே கிடையாது. தோழிகள் முன்னால் நீங்கள் விழுங்கிய அந்த ஒரு வாக்கியம் எனக்குச் செய்த உபகாரம் இது.

இந்த மாதிரிக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு கதை சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் பாதியில் நிறுத்திவிடுவேன். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிக்கோவில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார். 1885 ஜனவரியில், 19 வயதில், நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒரு பனித்துகளைப் படம் எடுத்தார். 1931-இல் இறக்கும்வரை குளிர்காலம் வந்தால் அவருக்கு இதே வேலை. மூச்சு பட்டாலே உருகிப்போகிற பொருளை, குளிரில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு, ஐயாயிரம் தடவைக்கு மேல் படம்பிடித்தார். அக்கம்பக்கத்தார் அவரைக் கிறுக்கன் என்றே நினைத்தார்கள். அதில் சம்பாதித்ததைவிட அவர் செலவழித்ததுதான் அதிகம்.

இங்கே நிறுத்துகிறேன். அடுத்த வரி, ‘பிற்பாடு உலகமே அவரைக் கொண்டாடியது’ என்பது. பொய்யில்லை. ஆனால் அதைச் சேர்த்தால், ‘பொறுமையாக இருங்கள், உங்கள் நோட்டும் ஒருநாள் பேசப்படும்’ என்று நான் ஆசைகாட்டுவதாக ஆகிவிடும். நாளைக்குப் பெரிதாகும் என்பதால்தான் இன்றைக்குச் சின்னதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்றால், உங்கள் வீட்டுக்காரர் கேட்டதைத்தானே நானும் கேட்கிறேன், கொஞ்சம் மரியாதையாக? எத்தனையோ பேர் இப்படி வரைந்து, பாடி, குறித்துவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர்களைப் பற்றிக் கதை இல்லை. அவர்களுடைய சாயங்காலங்கள் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லட்சியம் இல்லையா என்கிறீர்கள். கணக்குப் பிரிவில் இருக்கிறவர், நீங்களே போட்டுப் பாருங்கள்: நாளுக்கு அரைமணி, பத்து வருடம். விட்டுப்போன நாட்களைக் கழிக்காவிட்டால் 1,800 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. யாரும் கேட்காமல், யாரும் பாராட்டாமல், தூக்கத்தில் பிடித்தம் செய்து கொடுத்த நேரம். (‘பிள்ளைகள் நல்லா இருந்தா போதும்’ என்று சொன்னீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. சொந்த விருப்பத்தை மறைக்கப் பிள்ளைகளைத் திரையாகப் பிடிப்பது நம்மில் பலருக்குப் பழகிவிட்டது.)

வீட்டுக்காரரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஒருநாள் நோட்டைக் கையில் கொடுத்து, ‘இதில் எந்த இலை சரியாக வரவில்லை?’ என்று கேளுங்கள். பாராட்டத் தெரியாதவர்கூடக் குறை கண்டுபிடிக்கச் சொன்னால் உட்கார்ந்து பார்ப்பார்.

தங்கை விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, இஷ்டப்படி விளையாடும் நேரத்தில் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு இப்படி ஆகவில்லை. பரிசுக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டால், பழைய ஆசை இடத்தைக் காலிசெய்துவிடுகிறது. குழந்தைகளுக்கு நடந்தது 42 வயதில் அப்படியே நடக்குமா என்பது வேறு விஷயம். இருந்தாலும், விற்பது என்று முடிவு செய்தால் விற்பனைக்கென்று தனியாக வரையுங்கள். இரவு நோட்டு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்போது கசப்பான பகுதி. கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்துபோகிறது அந்த விண்ணப்பம். 25 வருடத்துக்குப் பிறகும் அது ஞாபகத்தில் இருக்கிறது. சின்ன ஆசைகளில் இரண்டு வகை உண்டு. சிலது இயல்பிலேயே அந்த அளவு, வளர்த்தால் கெட்டுப்போகும். சிலது, பெரிய ஒன்றைக் கேட்கப் பயந்து அதன் இடத்தில் நாம் வைத்துக்கொண்டது. உங்களுடையது எது என்று வெளியே இருந்து நான் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இலை நன்றாக வந்த இரவில், நோட்டை மூடும்போது நிம்மதியா, ‘அன்றைக்குச் சேர்ந்திருந்தால்...’ என்ற நினைப்பா? நிம்மதி என்றால் விண்ணப்பத்தை மறந்துவிடலாம். நினைப்பு என்றால், வாரம் ஒருநாள் ஓர் ஓவிய ஆசிரியரிடம் போய், உங்களில் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அடிப்படையிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். முதல் மாதம் வெட்கமாக இருக்கும். அது தனி ஆசை, அதற்குத் தனி நேரம் கொடுங்கள். அந்த ஏக்கத்தைத் தீர்க்கும் பொறுப்பை இலைகளின் தலையில் கட்டாதீர்கள்.

அடுத்த தடவை தோழிகள் கூடும்போது சொல்லத்தான் வேண்டுமா? கட்டாயமில்லை. சொன்னால், செம்பருத்தி என்று பெயரோடு சொல்லுங்கள். ‘சும்மா ஏதோ கிறுக்குவேன்’ என்று மட்டும் வேண்டாம்.

நோட்டுகளைப் பழைய பேப்பரோடு போடாதீர்கள். பெட்டி கட்டும்போது சமையல் பாத்திரத்தோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள், ஈரம் படாமல். பக்கங்களில் தேதி போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால், எந்த இலை எந்தச் செடியிலிருந்து வந்தது என்று ஞாபகம் இருக்கும்போதே ஓரத்தில் எழுதிவிடுங்கள். வீடு மாறிவிட்டால் அந்தச் செடிகள் உங்கள் கண்ணில் படாது.