டாக்டர் பதில்கள்: பனிக்காலத்தில் தோல் வறட்சி

*கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. கார்த்திகை பிறந்தால் போதும், முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை வெள்ளையாகச் செதில் விடுகிறது. இரவெல்லாம் சொறிகிறார். விலை உயர்ந்த லோஷன்கள் வாங்கிக் கொடுத்தும் பலன் இல்லை. வேறு எந்த கிரீம் வாங்கலாம், டாக்டர்? (வாசகி, கோத்தகிரி)*

கிரீம் இருக்கட்டும் அம்மா, மாமனார் எப்படிக் குளிக்கிறார்? ஊட்டியில் என் கிளினிக்குக்கு டிசம்பர், ஜனவரியில் வரும் பெரியவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஆவி பறக்கும் வெந்நீர், அரை மணி நேரம், உடம்பு முழுக்க சோப்பு, போதாததற்கு நார் போட்டுத் தேய்ப்பு. பெரும்பாலும் இதுதான் பதில். தலைக்குந்தாவில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலையில் வெந்நீரை விட்டு வர யாருக்கு மனம் வரும்! ஆனாலும் கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

மேல்தோலின் வெளி அடுக்கில் செல்களுக்கு நடுவே கொழுப்புப் பூச்சு ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரத்தை அதுதான் பிடித்து வைக்கிறது. சூடான நீரும் சோப்பும் சேர்ந்து அதைக் கரைத்துவிடுகின்றன. குளிர்ந்த காற்றில் ஈரப்பசை குறைவு என்பதால் தோலின் ஈரமும் வேகமாக வெளியேறுகிறது. வயதானால் எண்ணெய்ச் சுரப்பு குறையும். காலின் முன்பக்கத்தில் அந்தச் சுரப்பிகளே குறைவு. அதனால்தான் வறட்சி முதலில் அங்கே தலைகாட்டுகிறது.

வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்து முடிக்கச் சொல்லுங்கள். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், தடவிவிட வேண்டும். லோஷனில் தண்ணீர்தான் அதிகம், இந்த வயதுக்கு அது பற்றாது. சாதாரண வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போதும். அது தோலிலிருந்து ஈரம் வெளியேறுவதை அடைத்து நிறுத்தும். பிசுபிசுப்பு பிடிக்காவிட்டால் வாசனை சேர்க்காத கெட்டியான கிரீம். தேங்காய் எண்ணெயும் நல்லதே. கடுகு எண்ணெய் வேண்டாம், எரிச்சல் தரும்.

மேலிருந்து கீழாக, முடி வளரும் திசையில் தடவுங்கள். எதிர்த்துத் தேய்த்தால் மயிர்க்கால்கள் சிவந்து கொப்பளிக்கும். உள்ளங்காலில் தடவிய கையோடு நடக்க விடாதீர்கள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் தோல் அரிப்பைவிடப் பெரிய துன்பம். இன்னொன்று, மலையில் இருப்பவர்களுக்கு முக்கியம்: இந்தப் பசை வேட்டியிலும் சால்வையிலும் ஊறும். அப்படி ஊறிய துணியில் தீ சட்டென்று பற்றும். கணப்புக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் அவரை உட்கார வைக்காதீர்கள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் அரிப்பு அடங்காவிட்டால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகள் தேவை. வீட்டில் மற்றவர்களும் இரவில் சொறிகிறார்களா, விரல் இடுக்குகளில் பொரிப்பொரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது சிரங்கு; எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும்.

*கேள்வி: கேரட் கழுவும் வேலைக்குப் போகிறேன். பனிக்காலத்தில் விரல் நுனிகளும் குதிகாலும் வெடித்து ரத்தம் கசிகிறது. யூரியா கிரீம் போட்டால் எரிகிறது. (வாசகி, கேத்தி)*

வெடிப்பு திறந்திருக்கும்போது யூரியா எரியத்தான் செய்யும். அதை எடுத்து வையுங்கள். கையில் முதலில் பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்யுங்கள். உள்ளே இருப்பது நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், ஈரத்தோடு போட்டிருந்தால் வெறுங்கையைவிட மோசம். இரவில் கைக்கும் குதிகாலுக்கும் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிமனாகப் பூசி, பருத்திக் கையுறையும் காலுறையும் மாட்டிக்கொண்டு தூங்குங்கள். வெடிப்பு மூடிய பிறகு குதிகாலுக்கு மட்டும் யூரியா கிரீமைத் தொடங்கலாம். பிளேடால் சீவவே கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் இந்தப் பக்கத்தை நம்பி வீட்டிலேயே இருக்காதீர்கள், பாதத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

*கேள்வி: நிறையத் தண்ணீர் குடித்தால் வறட்சி போய்விடுமா? (வாசகர், ஓசூர்)*

போகாது. தாகத்துக்குக் குடியுங்கள், தோலுக்கு மேலே தடவுங்கள்.

*கேள்வி: என் எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டு கன்னங்களும் சிவந்து சொரசொரப்பாக இருக்கின்றன. பாட்டி கடலைமாவு தேய்க்கச் சொல்கிறார். மருந்துக்கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் மாயமாக மறைந்தது. நிறுத்தினால் திரும்ப வருகிறது. தொடர்ந்து போடலாமா? (வாசகி, குன்னூர்)*

போடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் போதாது. இரண்டு நாளில் சிவப்பை அழிக்கும் டியூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். பெட்டமெத்தசோன், குளோபெட்டசால் என்று பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிஞ்சுக் கன்னத்தில் வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். மருந்து உடம்புக்குள்ளும் இறங்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் இவை. ஆனாலும் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தைக்கு எக்சிமா (தோல் வறண்டு, சிவந்து, அரிக்கும் அழற்சி) இருந்தால் வீரியம் குறைந்ததைச் சில நாட்களுக்கு நானே எழுதித் தருவேன். எது, எத்தனை நாள் என்பதைக் குழந்தையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: கடலைமாவு உராயும், ஏற்கெனவே வறண்ட தோலை இன்னும் உலர்த்தும். அவர் ஆசைப்பட்டால் உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடட்டும். கன்னத்துக்கு ஜொள்ளைத் துடைத்த கையோடு மெல்லிதாக பெட்ரோலியம் ஜெல்லி, ஒரு நாளில் பல தடவை. கம்பளிக் குல்லாவின் நாடா கன்னத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். உள்ளே ஒரு பருத்தித் துணி கொடுத்துக் கட்டுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த டியூபை அட்டைப்பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள், எத்தனை நாள் போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.