குளிர்க்கடலில் சுழியோடுதல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல வருடங்களாகச் சிலிண்டர் போட்டுக் கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடி வருகிறேன். கிளாஸ்கோவில் படிக்கும் என் அண்ணன் மகன் அங்குள்ள சுழியோடிகள் கழகமொன்றில் சேர்ந்திருக்கிறான். ஓகஸ்டில் நான் அங்கு போகும்போது லொக் லோங் என்ற கடலேரியில் ஒருநாள் தன்னோடு இறங்கும்படி கேட்கிறான். எல்லாம் கடல்தானே, புதிதாக எனக்கு என்ன தேவைப்படும்?
– வாசகர், குருநகர்

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் எல்லாம் கடல்தானே என்ற எண்ணத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பல இடங்களில் இடுப்பளவு நீரில் நடந்தே போய்விடலாம். ஸ்கொட்லாந்தின் கடலேரிகளோ பனியாறுகள் மலையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகளுக்குள் பிற்காலத்தில் கடல் புகுந்ததால் உருவானவை. அவற்றுள் மிக நீளமான லொக் ஃபைன் ஏறத்தாழ 65 கிலோமீற்றர் நீளமானது. அதன் ஆழம் சில இடங்களில் 150 மீற்றரையும் தாண்டும். கரையிலிருந்து சில அடி எடுத்து வைத்ததுமே தரை சரிந்து இருளுக்குள் இறங்கிவிடும்.

அந்த இருளுக்கும் காரணம் உண்டு. மலைகளில் பெய்யும் மழை, மக்கிய தாவரங்கள் நிறைந்த கரிமண்ணில் ஊறி, பிளேன்ரீயின் நிறத்தில் கடலேரிக்குள் வந்து சேருகிறது. நன்னீர் உப்புநீரை விட இலேசானது என்பதால் அது மேலே ஒரு படையாக மிதந்து வெளிச்சத்தை மறித்துவிடுகிறது. ஆகவே நண்பகலிலும் 20 மீற்றரில் ரோர்ச் இல்லாமல் எதுவும் தெரியாது. இரவில் சுழியோடிப் பழகிய உங்களுக்கு இது அச்சம் தராது என்றே நினைக்கிறேன்.

குளிர்தான் உங்களுக்கு முற்றிலும் புதிது. எமது கடல் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்க, அங்கே கோடையின் முடிவிலும் 13, 14 பாகைதான். மார்ச்சில் 7 பாகை வரை இறங்கிவிடும். நீர் காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், பெரும்பாலானோர் கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாதபடி இறுகப் பிடிக்கும் உலர் உடையையே அணிகிறார்கள். ஆழம் கூடக்கூட உடைக்குள் இருக்கும் காற்று நெருக்கப்பட்டு, உடை உடலை இறுக்கும். அப்போது நெஞ்சிலுள்ள பொத்தானை அழுத்திச் சிலிண்டரிலிருந்து சிறிது காற்றை விட வேண்டும்; மேலே வரும்போது விரிகின்ற அதே காற்றை இடது தோளுக்குக் கீழே உள்ள வால்வின் வழியாக வெளியேற்ற வேண்டும். தலைகீழாகத் திரும்பினால் காற்றெல்லாம் கால்களுக்குள் ஓடிவிடும். பிறகு நிமிர முடியாமல் வேகமாக மேலே இழுத்துச் செல்லப்படும் ஆபத்து உண்டு. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இந்த உடையை முதலில் நீச்சல் தடாகத்தில் அணிந்து பழகாமல் கடலேரியில் இறங்கவே கூடாது. கடுங்குளிரில் மூச்சுக்கருவியும் உறைந்து காற்றைக் கட்டின்றிப் பீறிடச் செய்யலாம் என்பதால், குளிர்நீருக்கென்று தயாரித்ததையே கேட்டு வாங்குங்கள்.

காற்றின் கணக்கையும் பார்ப்போம். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லீற்றர் சிலிண்டரில் 2400 லீற்றர் காற்று இருக்கும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவருக்கு, அழுத்தம் மூன்று மடங்காகும் 20 மீற்றர் ஆழத்தில் 60 லீற்றர் தேவை. கடைசி 50 பாரைத் தொடாமல் ஒதுக்கி வைத்தால் மிஞ்சுவது அரை மணித்தியாலம். குளிரும் பதற்றமும் அதையும் குறைத்துவிடும். அங்கே பொதுவாக ஒருவரும் தனியே இறங்குவதில்லை. இருவர் இருவராக இறங்கி, ஒருவரின் காற்றளவை மற்றவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட மணிக்கட்டில் கட்டும் டைவ் கொம்பியூட்டர் நேரம் முடிகிறது என்றால், அடியில் எதைக் கண்டாலும் விட்டுவிட்டுத் திரும்புவார்கள். மேலே வருமுன் 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து நிற்பார்கள். எமது கரையோரக் கிராமங்களில் ஒரே நாளில் சிலிண்டருக்கு மேல் சிலிண்டர் மாற்றி இறங்கி, ஆழத்தில் உடலில் கரைந்த நைதரசன் மேலே வரும்போது குமிழிகளாகிக் கால் முடங்கிப்போன இளைஞர்களை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அங்கே உங்களுக்குப் பழகும் இந்த ஒழுங்கு குருநகரிலும் தொடர வேண்டும் என்பது என் மனப்பூர்வமான வேண்டுகோள். முறையான சான்றிதழ் இல்லாவிட்டால் கழகங்களும் கடைகளும் தயங்கும் என்பதால், அதைப் புறப்படுமுன் இங்கேயே பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவ்வளவு இருண்ட, குளிரான நீரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?
– மாணவி, சுண்டிக்குளி

பதில்: குளிர்நீரில் உணவு செழிப்பாக இருப்பதால் உயிர்களும் செழிப்பாகவே இருக்கின்றன. 1912 முதல் 1986 வரை பிரித்தானியக் கடற்படையின் டோர்பிடோக்கள் (நீருக்கடியில் பாயும் குண்டுகள்) சோதிக்கப்பட்ட ஆரோச்சர் என்ற கிராமத்துக்கு அருகே, லொக் லோங்கில் மூழ்கிக் கிடக்கும் பழைய கட்டுமானச் சட்டகங்களில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகக் கடற்சாமந்திகள் என்னும் பூப்போன்ற விலங்குகள் அடர்ந்து நிற்கும். சேற்றுத் தரையில் ரோர்ச் ஒளியைத் தாழ்த்திப் பிடித்தால், வளையின் வாயில் மெலிந்த நீண்ட கிடுக்கிகளை நீட்டியபடி செம்மஞ்சள் நிறச் சிறு சிங்கி இறால் ஒன்று காத்திருப்பது தெரியும். துடுப்பு ஒருமுறை பலமாக அசைந்தால் சேறு கிளம்பி, அதுவும் மறைந்து நீங்களும் திசை தெரியாமல் நிற்பீர்கள். லொக் கிரெரனில் குழாய்ப்புழுக்கள் தம் சுண்ணாம்புக் குழாய்களைப் பின்னிப் பின்னிக் கட்டிய அபூர்வமான பாறைத்தொடர்கள் உள்ளன.

லொக் கரனின் கதையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். செம்மஞ்சள் உணர்கொம்புகளைச் சுடர்போல நீட்டும் ஒரு வகைச் சிப்பியின் பெரும்படுகை அங்கே உண்டு. 2017 இல் சிப்பி வாரும் இழுவைக் கலமொன்று அதன் ஒரு பகுதியை உழுது சிதைத்தபோது, அந்த அழிவைப் படம்பிடித்து நாட்டுக்குக் காட்டியவர்கள் பொழுதுபோக்காகச் சுழியோடும் சாதாரண மக்களே. அரசு உடனடியாக அவ்விடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கி, 2019 இல் அதை நிரந்தரமாக்கியது. இழுவைமடியைத் தடைசெய்யும் சட்டம் எமது நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 2017 இல்தான். ஆயினும் வடக்கின் கடலடித்தரை இன்றும் சுரண்டப்படுகிறது. அதைக் கீழே இறங்கிப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் எம்மிடையேயும் பலர் இருக்கிறார்கள்.

கேள்வி: எடின்பரோவில் இருக்கும் மகள் சனி, ஞாயிறு இரு நாளும் சுழியோடிவிட்டுத் திங்கள் விடியப்புறமே பொங்கலுக்கு விமானம் ஏறுவதாகச் சொல்கிறாள். பரவாயில்லையா?
– தாயொருவர், பருத்தித்துறை

பதில்: வேண்டாம். விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறத்தாழ 2400 மீற்றர் உயர மலையில் இருப்பதன் அளவுக்குக் குறையலாம். உடலில் மிச்சமிருக்கும் நைதரசன் அப்போது குமிழிகளாகும். பல முறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. 24 மணித்தியாலம் விடுவது இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமைச் சுழியோட்டத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். இறங்கிய பின் மூட்டுவலியோ விறைப்போ தோன்றினால் குளிரென்றும் களைப்பென்றும் அதைத் தள்ளிவைக்காமல், ஒட்சிசன் கொடுத்து, 999 ஐ அழைத்துக் கரையோரக் காவற்படையைக் கேட்க வேண்டும். மேற்குக் கரையில் ஓபான் நகருக்கு அருகே, இத்தகைய சுழியோடிகளை உயர் அழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை செய்யும் அழுத்த அறை இருக்கிறது.