எதிர்த்தவர்கள் தோற்றார்களா?

வணக்கம். நவீனத் தொழில்நுட்பத்துக்கு எதிராகப் பண்பாட்டின் பெயரால் எழும் குரல்களை நீங்கள் மதித்து எழுதுகிறீர்கள். எனக்கு அவை வெறும் பழமை ஏக்கமாகத்தான் படுகின்றன. எதிர்த்தவர்கள் எப்போதும் தோற்றிருக்கிறார்கள். கடைசியில் அவர்களும் அதே கருவியைத்தான் கையில் எடுக்கிறார்கள். அப்புறம் எதற்கு இந்த எதிர்ப்பு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தோற்றவர்கள் என்றதும் லுட்டைட்டுகள்தான் நினைவுக்கு வருவார்கள். 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் பின்னல் தறிகளை உடைத்தவர்கள். இயந்திரத்தைக் கண்டு மிரண்ட கூட்டம் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். ஆனால் அவர்கள் அந்தத் தறியிலேயே பிழைத்தவர்கள், காலுறையைக் காலின் வடிவத்துக்கேற்பப் பின்னத் தெரிந்தவர்கள். முதலாளிகள் சிலர் அகலத் தறியில் துணியாகப் பின்னி, வெட்டி, ஓரத்தை மூட்டி விற்றார்கள். மூட்டிய இடம் சீக்கிரம் விட்டுப்போகும். கூலி குறைந்தது, தொழிலின் பேரும் கெட்டது. பேசிய கூலியைக் கொடுத்தவர்களின் தறிகளைப் பல இடங்களில் அவர்கள் தொடவே இல்லை. 1812இல் தறி உடைப்புக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. ராணுவத்தையும் தூக்குமேடையையும் வைத்து முடித்த வழக்கில், தோற்றவன் கேட்டது தப்பு என்று எப்படி முடிவு கட்டுவது?

அமெரிக்காவில் எளிய வாழ்வைக் கடைப்பிடிக்கும் கிறிஸ்தவச் சமூகமான அமிஷ் மக்களில் பல பிரிவினர் தொலைபேசியை வீட்டுக்குள் விடுவதில்லை. பாதையோரத்தில் ஒரு சின்னக் கொட்டகைக்குள், சில குடும்பங்களுக்குப் பொதுவாக அது இருக்கும். மருத்துவரை அழைக்கலாம், வியாபாரம் பேசலாம். ஆனால் சாப்பிடும்போது மணி அடிக்காது. ஊர் கூடி முடிவெடுக்கும் இடத்தில் தனிமனிதர் நசுங்குவதும் உண்டு, அது எனக்கு உவப்பில்லை. இருந்தாலும், கருவி எதுவரை வரலாம் என்று அவர்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். படுக்கையறைக்குள் கைபேசி வந்தபோது நாம் பேசவில்லை.

ஜெர்மானியத் தத்துவவாதி ஹைடெக்கர் தொழில்நுட்பம் பற்றி 1953இல் ஆற்றிய உரையில் ரைன் நதி வருகிறது. பழைய மரப்பாலம் நதியின் இரு கரைகளைச் சேர்த்தது. நீர்மின் நிலையம் வந்தபின் நதியே அந்த நிலையத்தின் உறுப்பாகிவிட்டது என்கிறார். நதி இப்போது எடுத்துக்கொள்ளத் தயாராகக் கிடக்கும் கையிருப்பு, அவ்வளவுதான். இன்று கைபேசித் திரையில் ஒரு படத்தின்மேல் நம் விரல் எத்தனை நொடி தயங்கியது என்பதும் அப்படியொரு கையிருப்பில் சேர்கிறது.

துக்க வீட்டையும் பிள்ளைக்குக் கதை சொல்லும் பொழுதையும் இதில் சேர்க்காதே என்று ஒருவர் சொன்னால், அவரைப் பழமைவாதி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கையிலும் கைபேசி இருக்கலாம். அதில் எந்த முரண்பாடும் எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்