வழக்கறிஞரை மாற்றும் சாட்சிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் டிரம்ப் தொடர்பான வழக்குகளில், வழக்கறிஞரை மாற்றிய கையோடு சாட்சிகள் சிலர் முன்பு சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லத் தொடங்கினார்கள். வழக்கறிஞர் மாறினால் உண்மையும் மாறிவிடுமா?

பதில்: நடந்தது நடந்ததுதான். அதைச் சொன்னால் தனக்கு என்ன ஆகும், மறைத்தால் என்ன ஆகும் என்று சாட்சிக்குக் கிடைக்கும் ஆலோசனைதான் மாறுகிறது. நீங்கள் குறிப்பிடுவதில் முக்கியமானது, புளோரிடாவில் உள்ள மார்-அ-லாகோ இல்லத்தில் அரசின் ரகசிய ஆவணங்கள் வைக்கப்பட்டிருந்தது தொடர்பான வழக்கு. அங்கே தகவல் தொழில்நுட்பப் பணியைக் கவனித்துவந்த ஒருவர், குற்றப்பத்திரிகையில் ‘டிரம்ப் ஊழியர் 4’ என்று மட்டும் குறிப்பிடப்பட்டார். கண்காணிப்புக் கேமரா பதிவுகளைப் பற்றித் தம்மிடம் யாரும் பேசவில்லை அல்லது பேசியதாக நினைவில்லை என்றே 2023 மார்ச்சில் அவர் கிராண்ட் ஜூரி (ஒருவர் மீது குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞரே டிரம்பின் உதவியாளர் வால்ட் நௌட்டாவுக்கும் வழக்கறிஞர். கட்டணத்தைக் கொடுத்ததோ டிரம்பின் அரசியல் நிதிக் குழு.

பொய்ச் சாட்சியம் அளித்ததற்காக நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம் என்று அரசுத் தரப்பு அந்த ஊழியரை எச்சரித்தது. வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, வழக்கில் வேறு யாருடனும் தொடர்பில்லாத, பொதுச் செலவில் குற்றம் சாட்டப்படுவோருக்காக வாதாடும் ஒரு வழக்கறிஞர் அவருக்கு ஆலோசனை வழங்க ஏற்பாடு செய்தார். பழைய வழக்கறிஞர் இனி வேண்டாம் என்று ஜூலை 5 அன்று அவர் நீதிபதியிடம் தெரிவித்தார். அதன்பின் உடனடியாக முந்தைய சாட்சியத்தைத் திரும்பப் பெற்று, பதிவுகளை அழிக்க நடந்த முயற்சியைப் பற்றிக் கூறினார் என்று, அரசுத் தரப்பில் வழக்கை நடத்திய சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித்தின் அலுவலகம் ஆகஸ்டில் தாக்கல் செய்த மனு சொல்கிறது. புதிய குற்றச்சாட்டுகள் சேர்க்கப்பட்ட குற்றப்பத்திரிகை ஜூலை 27 அன்று வெளிவந்தது.

ஒரே வழக்கறிஞரிடம் இரண்டு கட்சிக்காரர்கள் இருந்து, ஒருவருக்குச் சொல்லக்கூடிய நல்ல ஆலோசனை மற்றவரைச் சிறைக்கு அனுப்பக்கூடியதாக இருந்தால், அந்த ஆலோசனையை முழு மனதோடு அவரால் சொல்ல முடியுமா என்பதுதான் இங்கே கேள்வி. அதே வேளையில், குற்றம் சாட்டப்பட்ட டிரம்ப், நௌட்டா, மார்-அ-லாகோ மேலாளர் கார்லோஸ் டி ஒலிவேரா ஆகிய மூவரும் தாங்கள் குற்றவாளிகள் அல்லர் என்றே வாதிட்டனர் என்பதையும், ஜாக் ஸ்மித்தின் நியமனமே செல்லாது என்று நீதிபதி ஐலீன் கேனன் 2024 ஜூலை 15 அன்று வழக்கைத் தள்ளுபடி செய்ததால் இந்தச் சாட்சியம் குறுக்கு விசாரணையைச் சந்திக்கவே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கேள்வி: சாட்சிக்கு வேறொருவர் பணம் கொடுத்து வழக்கறிஞரை அமர்த்துவதே குற்றமில்லையா?

பதில்: குற்றமில்லை. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு இவ்வாறு செய்வது வழக்கம்தான். கட்டணம் செலுத்த வழியில்லாத ஒரு சாதாரண ஊழியருக்கு அது உண்மையான உதவியாகவும் இருக்கும். ஆனால் கட்சிக்காரர் விவரம் அறிந்து சம்மதித்திருக்க வேண்டும், பணம் தருபவர் வழக்கறிஞரின் தொழில்முறை முடிவுகளில் தலையிடக் கூடாது, கட்சிக்காரரின் ரகசியங்கள் அவரிடம் போய்ச் சேரக் கூடாது என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நெறிமுறைகள் சொல்கின்றன. முதலாளி அமர்த்திய வழக்கறிஞர் ஊழியரின் நலனை விட்டு முதலாளியின் நலனைப் பார்க்கும் அபாயத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 1981ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்து வழக்கொன்றில் சுட்டிக்காட்டியது.

நெறிமுறை ஏட்டில் இருந்தால் போதாது என்பதற்கு காசிடி ஹட்சின்சனின் அனுபவத்தைப் பார்க்கலாம். வெள்ளை மாளிகையில் தலைமை அலுவலர் மார்க் மெடோஸின் உதவியாளராக இருந்த அவரை, 2021 ஜனவரி 6 கலவரத்தை விசாரித்த நாடாளுமன்றக் குழு அழைத்தது. (அது வழக்குத் தொடரும் அமைப்பு அன்று, ஆனால் அதன் முன் பொய் சொன்னால் தண்டனை உண்டு.) வழக்கறிஞருக்குப் பணம் திரட்ட உறவினர்களை நாடியும் பயனில்லாமல், டிரம்ப் தரப்பு ஏற்பாடு செய்த வழக்கறிஞரை அவர் ஏற்றுக்கொண்டார். கட்டணம் யார் தருகிறார்கள் என்று கேட்டபோது தமக்கு நேரான பதில் கிடைக்கவில்லை என்றும், எவ்வளவு குறைவாக நினைவிருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று தமக்குச் சொல்லப்பட்டது என்றும் அவர் பின்னர் அக்குழுவிடம் கூறினார். தாம் நெறிதவறவில்லை என்று அந்த வழக்கறிஞர் மறுத்தார்.

மனம் உறுத்திய நிலையில், ஹட்சின்சன் ஒரு தோழி மூலம் குழுவுக்குத் தகவல் அனுப்பி, எதைக் கேட்க வேண்டும் என்று அவரே குறிப்புக் கொடுத்தார். 2022 மே மாதம் நடந்த மூன்றாவது விசாரணையில் பக்கத்தில் அதே வழக்கறிஞர் அமர்ந்திருக்க, குழுவுக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரிந்தது என்று அவர் வியக்க, ஹட்சின்சன் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தன் வழக்கறிஞருக்குத் தெரியாமல் உண்மையைச் சொல்ல வழி தேட வேண்டிய நிலைக்கு எந்தச் சாட்சியும் தள்ளப்படக் கூடாது. ஜூனில் அவர் வழக்கறிஞரை மாற்றினார். அம்மாதம் 28ஆம் தேதி பகிரங்கமாகச் சாட்சியம் அளித்தார்.

கேள்வி: இது டிரம்ப் காலத்தில்தான் தொடங்கியதா?

பதில்: இல்லை. அதிபர் நிக்சன் காலத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்த வாட்டர்கேட் வழக்கில் தண்டனைக்காகக் காத்திருந்த ஜேம்ஸ் மெக்கார்ட், பொய்ச் சாட்சியம் அளிக்கப்பட்டது என்றும் வாய் திறக்காமலிருக்க அழுத்தம் தரப்பட்டது என்றும் நீதிபதி சிரிகாவுக்குக் கடிதம் எழுதினார். 1973 மார்ச் 23 அன்று அது நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. அந்த நாட்களிலேயே அவர் தம் வழக்கறிஞரையும் மாற்றிக்கொண்டார். நிக்சனின் சட்ட ஆலோசகர் ஜான் டீனும் தமக்கென்று ஒரு குற்றவியல் வழக்கறிஞரை அமர்த்திக்கொண்ட பிறகே ஏப்ரலில் அரசு வழக்கறிஞர்களிடம் பேசத் தொடங்கினார்.

கேள்வி: சிறைக்குப் பயந்து அரசுத் தரப்புக்குச் சாதகமாகப் பேசுபவரை எப்படி நம்புவது?

பதில்: நியாயமான சந்தேகம். வழக்கறிஞரை மாற்றியதாலேயே ஒருவர் உண்மை பேசுகிறார் என்று ஆகிவிடாது. டிரம்பின் முன்னாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக்கேல் ஃபிளின் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒத்துழைத்தார். 2019இல் வழக்கறிஞரை மாற்றினார். 2020 ஜனவரியில் அந்த ஒப்புதலையே திரும்பப் பெற மனுச் செய்தார். நவம்பரில் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். வழக்கறிஞர் மாற்றம் சாட்சியை எதிர்த்திசையிலும் கொண்டுபோகும்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது ஆதாரங்களைத்தான். தொலைபேசி அழைப்புப் பட்டியல், குறுஞ்செய்தி, கேமரா பதிவு, பயண விவரம் ஆகியவை சாட்சி சொல்வதோடு பொருந்துகின்றனவா? அடுத்து, அவருக்கு என்ன வாக்குறுதி கொடுக்கப்பட்டது? அதை எதிர்த்தரப்பிடம் மறைக்கக் கூடாது என்று 1972ஆம் ஆண்டு ஜிக்லியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூரிகளுக்கும் அது தெரிய வேண்டும்.

கேள்வி: பழைய வழக்கறிஞர், தமக்குத் தெரிந்த ரகசியங்களை வைத்து அந்தச் சாட்சியை மடக்கலாமே?

பதில்: கூடாது. ரகசியம் கட்சிக்காரருக்கு உரியது. உறவு முறிந்த பிறகும் அதைக் காக்கும் கடமை வழக்கறிஞருக்குத் தொடர்கிறது. புளோரிடா வழக்கில் அரசுத் தரப்பு எழுப்பிய ஆட்சேபமும் இதுதான்: நௌட்டாவுக்காக ஆஜராகும் வழக்கறிஞர், தம்முடைய முன்னாள் கட்சிக்காரரையே குறுக்கு விசாரணை செய்ய நேரும். கடுமையாகக் கேட்டால் பழையவருக்குத் துரோகம். தயங்கினால் நௌட்டாவுக்குத் துரோகம். இப்படிப்பட்ட நிலையில் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் அழைத்து, இந்த முரண்பாடு தெரிந்தும் இவரே வேண்டுமா என்று கேட்டுப் பதிவு செய்வது அங்குள்ள நடைமுறை. அவர் சம்மதித்தாலும் நீதிபதி ஏற்க மறுக்கலாம் என்பது 1988ஆம் ஆண்டு வீட் வழக்கின் தீர்ப்பு.