இரண்டு தோட்டங்கள்

அன்புள்ள ஐயா,

எழுபதுகளைப் பொற்காலம் என்றே என் அப்பப்பா சொல்லுவார். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் விவசாயி தலைநிமிர்ந்து வாழ்ந்தானாம். 2022இல் டொலர் இல்லாமல் இலங்கை பட்ட பாட்டைப் பார்த்தபின் எனக்கும் அதுவே சரியென்று தோன்றுகிறது. இறக்குமதியை மீண்டும் நிறுத்தச் சொல்லி நீங்கள் ஏன் எழுதுவதில்லை?

ஒரு வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பப்பா சொல்வது உண்மை. நானே கண்ணால் கண்டவன். 1970இல் வந்த பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு, அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கியபோது, எங்கள் முற்றம் முழுவதும் செத்தல் மிளகாய் காய்ந்தது. பாய் போதாமல் சாக்கை வெட்டி விரித்தோம். அம்மா தும்மிக்கொண்டே வெளிறிய காய்களைப் பொறுக்கி ஒதுக்குவார். அந்தப் பணத்தில்தான் கிணற்றுத் துலா போய் இறைப்பு இயந்திரம் வந்தது, மண்வீடு கல்வீடானது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் மிளகாய் நிற்கும் செம்மண். மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலை. 1973, 74இல் அந்தத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். கொழுந்து பறிப்பவரின் பிழைப்பு உலகச் சந்தைக்குப் போகும் தேயிலையை நம்பிக் கிடந்தது. அவர் வாங்கவேண்டிய அரிசியும் மாவுமோ அடைத்த கதவுக்குள் கிடந்தன. அரசு பங்கீட்டில் கொடுத்த கூப்பன் அரிசி குறைந்தது. வெளிச்சந்தை விலை கைக்கு எட்டவில்லை. ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோகவும் கட்டுப்பாடு. மரவள்ளி நட ஒரு முழ நிலம் அவருக்குச் சொந்தமில்லை. 1948இன் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்திருந்ததால் பெரும்பாலோருக்கு வாக்கும் இல்லை. எங்களுக்குக் காணியும் கிணறும் இருந்தன. அதே வேலி எங்களைக் காத்தது, அவர்களைப் பட்டினி போட்டது.

பசி தாங்காத குடும்பங்கள் பல வன்னிக்கு இறங்கின, உங்கள் கிளிநொச்சிக்கும்தான். அங்கே எங்கள் உறவினர் ஒருவரின் தோட்டத்தில் மிளகாய்ப்பழம் பிடுங்கிய அக்கா ஒருவர், மதியச் சோற்றில் பாதியை வாழையிலையில் மடித்து ஒளித்துவைப்பார். இரவும் சோறு உண்டு என்று வீட்டுக்காரர்கள் எத்தனை முறை சொன்னாலும் அவர் கை கேட்கவில்லை.

1977இல் ஜே. ஆர். ஜெயவர்தன அரசு சந்தையைத் திறந்தது. விடியற்காலையில் பாண் வரிசையில் நின்ற நகரத்து ஏழைக்கு அது பெரிய விடுதலை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இறக்குமதி மிளகாயோடு போட்டிபோட எங்களுக்கு ஒரு போகத்து அவகாசம்கூடத் தரப்படவில்லை. அப்பா சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோன மூட்டைகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. யாரோடும் பேசாமல் கிணற்றடியில் போய் இருந்தார்.

2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது மக்களின் உடல்நலத்தையும் அந்நியச் செலாவணி மிச்சத்தையும் காரணமாகச் சொன்னார்கள். நவம்பரில் தடையை நீக்கவேண்டி வந்தது. அதற்குள் நெல் வயல்கள் வெளிறிவிட்டன. அரிசியைக் கப்பலில் கொண்டுவந்தோம்.

அதனால் தடை கேட்டு நான் எழுத மாட்டேன். அறுவடைக் காலத்தில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இறக்குமதி வரியை உயர்த்தும் வழக்கம் இப்போதும் உண்டு. எனக்கு அது பிடித்தமானது. அந்த வரியை நடுவதற்கு முன்பே அறிவிக்கச் சொல்லி எழுதுவேன். தேயிலைத் தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் பயிர்செய்யச் சொந்த நிலம் கேட்டு எழுதுவேன். இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அப்பப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவருடைய தோட்டத்தில் அந்த நாட்களில் பழம் பிடுங்கியவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று. அவருக்கு நினைவிருக்கும்.