குங்குமப்பூ உண்மையிலேயே மருந்தா? மனச்சோர்வுக்கு என்று கேப்சூல் விற்கிறார்களே, வாங்கலாமா?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருகிறவன் நான். மருத்துவர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை வாரம் ஒருவராவது கேட்டுவிடுவார்கள் என்பதால் தேடிப் படித்து வைத்திருக்கிறேன்.

அளவு போதுமானதாக இருந்தால் மருந்துக் குணம் உண்டு என்றுதான் தெரிகிறது. நீங்கள் எழுதியிருப்பதுபோல் அம்மா ராத்திரி பாலில் போட்டுத் தரும் நாலு இழை வாசனைக்கும் நிறத்துக்கும்தான். ஒரு பூவுக்கு மூன்றே இழை. காய்ந்த இழை ஒரு கிலோ சேர ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூ வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஓர் இழை சுமார் 2 மில்லிகிராம். நாலு இழை 8, 9 மில்லிகிராம் வரும். ஆய்வுகளில் நோயாளிகளுக்குக் கொடுத்ததோ நாளுக்கு 30 மில்லிகிராம், அதுவும் சாறாக இறக்கி கேப்சூலில் அடைத்தது.

அந்த ஆய்வுகளில் பல ஈரானில் நடந்தவை. 2004-இலும் 2005-இலும் வந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஒன்றில் 30 பேர், மற்றதில் 40 பேர், ஆறு வாரம். லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு இமிப்ரமின், ஃபுளூவாக்ஸெடின் மாத்திரைகளுக்கு ஏறத்தாழ இணையாக வேலை செய்தது என்று முடிவு. நல்ல சேதிதான். ஆனால் 40 பேரை ஆறு வாரம் பார்த்துவிட்டு ஊருக்கே மருந்து எழுத முடியாது. கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை இந்த ஆய்வுகள் தொடவும் இல்லை.

போன தீபாவளி நேரத்தில் ஓர் அக்கா வந்தார். "தம்பி, டாக்டர் குடுத்த மாத்திரை தூக்கம் தூக்கமா வருது. இத பால்ல போட்டுக் குடிச்சா அத நிறுத்திடலாமாம், வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்று இரண்டு டப்பா எடுத்தார்.

"டப்பா விக்கிறது என் வேலை அக்கா. மாத்திரைய நிறுத்துறத மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்ங்க" என்றேன். முறைத்தார். ஒரு டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். முதலாளிக்குத் தெரிந்தால் எனக்குத்தான் திட்டு.

மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும். அதோடு சேர்த்து குங்குமப்பூ கேப்சூலும் போடுவதும் யோசிக்க வேண்டியதே. இரண்டும் மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற ரசாயனத்தின் பக்கம் கைவைப்பவை என்று கருதுகிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கேப்சூல் வாங்குவதானால் பெட்டியோடு பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருந்தாளரிடம் காட்டிவிடுங்கள்.

பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்ற கதைக்குள் நான் போகவில்லை. நிறம் அப்பா அம்மா மரபணு. கர்ப்பிணிகள் பாலில் நாலு இழை போட்டுக் குடிப்பதில் பயமில்லை. கேப்சூல் வேண்டாம். 5 கிராமுக்கு மேல் போனால் யாருக்குமே நஞ்சு, 10 கிராம் அளவில் கரு கலையும் என்று மருத்துவ நூல்களில் இருக்கிறது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை கலப்படம். உலகக் குங்குமப்பூவில் பெரும்பங்கு ஈரானுடையது. பெட்டியில் ஸ்பெயின் என்று போட்டிருந்தாலும் உள்ளே ஈரான் சரக்கு இருப்பதுண்டு. காஷ்மீர்ப் பூவுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்காகவே போலியும் பெருகிவிட்டது. வாங்கியதும் ஓர் இழையை வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள். ஒரு முனை ஊதுகுழல் வாய்போல் விரிந்து, ஓரம் சிறுசிறு பல்லாக இருக்கும். மறுமுனை மெலிந்து வெளிறியிருக்கும். இரு முனையும் ஒரே தடிமன் என்றால் சாயம் ஏற்றிய சோள நாராக இருக்கலாம். பச்சைத் தண்ணீரில் போட்டால் மஞ்சள் மெல்ல மெல்லத்தான் இறங்கும், கால் மணி நேரம் கழித்தும் இழை சிவப்பாகவே நிற்கும். போட்டவுடனே தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் சாயம். நாக்கில் வைத்தால் கசக்க வேண்டும். இனித்தால் எடை கூட்ட சர்க்கரைப் பாகோ தேனோ தடவியிருக்கிறார்கள்.

சீன மருந்துக் கடைகளில் பெரிய பொட்டலமாக, மலிவாக 'ஹோங் ஹுவா' என்று ஒன்று கிடைக்கும். அது குசும்பா, வேறு செடி. ரத்த ஓட்டத்தைத் தூண்டும் என்பதால் சீன வைத்தியர்களே அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. விலையைப் பார்த்து ஏமாந்து அதைப் பாலில் போட்டுவிடாதீர்கள்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் வளர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிழங்கு முளைத்து இலை விடலாம். ஆனால் பூ வெளிவர 17 டிகிரி அளவுக்குக் குளிர் வேண்டும். நம் ஊரில் நடுராத்திரியிலும் அது கிடையாது. இணையத்தில் கிழங்கு வாங்குபவர்களுக்கு ஒன்று: கிட்டத்தட்ட இதே தோற்றத்தில் பூக்கும் கோல்சிகம் என்ற செடியின் கிழங்கும் விற்பனைக்கு வருகிறது. நம் கண்வலிக் கிழங்கில் உள்ள அதே கோல்சிசின் நஞ்சுதான் அதிலும். குங்குமப்பூவில் மகரந்தத் தாள் (சிவப்பு இழை அல்ல, மகரந்தத் தூள் தாங்கும் காம்பு) மூன்று, கோல்சிகத்தில் ஆறு. எண்ணிப் பார்க்காமல் வாயில் வைக்காதீர்கள்.