பழைய மாருதி ஆம்னிக்கு இன்ஜின் மாற்றப் போகிறேன். முன்கூட்டியே என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

முதலில், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்த்தீர்களா? புகை வருகிறது என்றாலே சில ஷெட்டுகளில் "இன்ஜினையே மாத்திடலாம் சார்" என்பார்கள். ஆம்னியில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர். ஒவ்வொன்றாக கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ரீடிங் ஏறினால் பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். ஹெட்டைக் கழற்றி வேலை பார்த்தாலே போதும்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால் கார்புரேட்டர் வண்டிக்குக் கார்புரேட்டர் இன்ஜினையே தேடுங்கள். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் கணினி கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) போட ஆசைப்பட்டால் இ.சி.எம். என்ற அந்தக் கணினி, வயரிங், டேங்க்குக்குள் பெட்ரோல் பம்ப் என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். "மாருதி 800 இன்ஜினும் இதுவும் ஒண்ணுதான்" என்பது பாதி உண்மை. குடும்பம் ஒன்றுதான், ஆனால் 800-ல் இன்ஜின் குறுக்கே நிற்கும், ஆம்னியில் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் இருக்கும். அப்படியே தூக்கி வைக்க முடியாது.

சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடத்தில் வாங்கினால், பிளாக்கில் குத்தியிருக்கும் இன்ஜின் நம்பர் தெளிவாக இருக்கிறதா, அதே நம்பர் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள், ஆர்.சி.யில் புது நம்பர் ஏற வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டி என்றால், அடுத்த ஆர்.சி. ரினிவலில் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். இன்சூரன்ஸிலும் மாற்றச் சொல்லுங்கள்.

நான் சொதப்பியதையும் சொல்கிறேன். இன்ஜின் வெளியே இருந்தபோது கிராங்க் பின்பக்க ஆயில் சீலை மாற்றாமல் விட்டேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டே மாதத்தில் ஆயில் கசிந்து கிளட்ச் பிளேட் நனைந்துவிட்டது. மறுபடி கியர்பாக்ஸை இறக்கிக் கூலி இரண்டாவது தடவை கொடுத்தேன். அதனால் சீல்கள், கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங், மவுண்டிங் ரப்பர், தண்ணீர் ஹோஸ்கள், டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் வேலை தொடங்கும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம், பழைய இன்ஜினை உடனே இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். வந்த இன்ஜினில் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஏதோ ஒரு பிராக்கெட் என்று ஏதாவது குறையும். எனக்குத் தெர்மோஸ்டாட் மூடி இல்லாமல் வந்தது, பழையதிலிருந்துதான் கழற்றிப் போட்டோம்.